சுத்தமான பதிவு

தெய்வக்கனிக்கு வலிப்பு நோய் இல்லை என்று இயந்திரம் மூன்றாவது முறையாகச் சொன்ன அன்று, அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்த சற்று நேரத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவள் வலிப்பு வந்து விழுந்தாள்.

அவள் புருஷன் பொன்னுலிங்கம் பக்கத்தில்தான் நின்றிருந்தான். பிடிப்பதற்குள் தலை தரையில் மோதிவிட்டது. கண் மேலே செருகி, வாய் இடப்பக்கம் கோணி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வராந்தாக் கூட்டம் என்ன செய்யும்? நம் ஊர்க் கூட்டம் காலங்காலமாக எதைச் செய்கிறதோ அதைத்தான் செய்தது. ஒருவர் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை உருவினார். ஒரு பெண் குழந்தையின் பால் டப்பா திறக்கும் கரண்டியை நீட்டினாள். வாட்ச்மேன் கேட்டில் தொங்கிய பூட்டையே கழற்றிக்கொண்டு ஓடிவந்தார். பொன்னுலிங்கம் யாரையும் எதிர்பார்க்கவில்லை. பைக் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி, தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டான். அவள் விழும்போதெல்லாம் அவன் செய்வது இதுதான். கொஞ்ச நேரத்தில் வெட்டு அடங்கியது. இரும்பு கைக்குப் போனதும் நின்றுவிட்டது என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு கூட்டம் கலைந்தது.

அவனுக்கு அழுகை வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷம்தான் வந்தது. வலிப்பைப் பதியும் பட்டை இன்னும் அவள் நெற்றியில் இருந்தது. அதைத் திருப்பி வாங்க வேண்டிய ஆள் சாப்பிடப் போயிருந்த புண்ணியத்தில் கழற்றாமல் விட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே, இத்தனை பேர் பார்க்க, பட்டையோடு விழுந்திருக்கிறாள். இனி எந்த இயந்திரம் இல்லை என்று சொல்லும்?

அந்தப் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது கெட்ட எண்ணத்தில் வந்ததல்ல. முன்பெல்லாம் வலிப்பு நோயைக் கண்டுபிடிப்பது என்பது டாக்டர் கதை கேட்பதுதான். எப்படி விழுந்தார், கண் எங்கே போனது, நாக்கைக் கடித்தாரா என்று கூட வந்தவரைக் கேட்பார். கூட வந்தவர் பயத்தில் பாதியைப் பார்த்திருக்க மாட்டார், மீதியைக் கூட்டிச் சொல்வார். இதயம் தடுமாறி மயங்கி விழுந்தவனுக்கு வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை கொடுத்தார்கள். மனதில் அடைத்து வைத்த துக்கத்தால் விழுந்தவளுக்கும் அதே மாத்திரை. நிஜமாகவே வலிப்பு உள்ளவர்களைக் கோயில் தூணில் கட்டி வைத்தார்கள். தலையில் கம்பி ஒட்டி எடுக்கும் பதிவும், வலிப்பு வராத நேரத்தில் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. எனவே ஒரு மாதம் இரவும் பகலும் நெற்றியில் கிடந்து, வலிப்பு வரும்போதே பிடித்துவிடும் பட்டை ஒன்று வந்தபோது எல்லாரும் கும்பிட்டார்கள்.

பிறகு சட்டம் வந்தது. பட்டையின் சான்று இல்லாமல் வலிப்பு மாத்திரை கிடையாது. மாத்திரை மருந்துக் கடையிலும் இல்லை. சான்று உள்ளவருக்கு மட்டும் திறக்கும் அரசு மருந்துப் பெட்டிகளை ஊருக்கு ஊர் வைத்தார்கள். டாக்டர்கள் தவறு செய்வார்கள், இயந்திரம் செய்யாது என்பது கொள்கை.

தெய்வக்கனிக்குப் பதினேழு வயதில் தொடங்கிய வலிப்பு. மாத்திரையில் பல வருடம் அடங்கிக் கிடந்தது. டீச்சர் வேலைக்குப் படித்தாள், கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாள், நோயைச் சொல்லியே கல்யாணமும் செய்துகொண்டாள். சட்டம் வந்ததும் பழைய சீட்டுகள் செல்லாதவை ஆயின. சான்று வாங்கி வரும்வரை மாத்திரை நின்றது. நின்ற சில வாரத்தில் வலிப்பு திரும்பி வந்துவிட்டது. வந்தது பட்டைக்கு மட்டும் தெரியவில்லை.

மூன்று தடவையும் ஒரே பதில். நோய் இல்லை. நிகழ்வுகள் தூண்டப்பட்டவை. அதாவது, வேண்டுமென்றே செய்தவை. அந்த ஒற்றை வார்த்தை அவளை என்ன பாடு படுத்தியது என்று சொல்லி மாளாது. வகுப்பில் விழுந்தபோது ஜியாமெட்ரி பெட்டியைத் திறந்து கவராயத்தைக் கையில் திணித்துக் காப்பாற்றிய பிள்ளைகளின் பெற்றோரே, டீச்சர் லீவுக்காக நடிக்கிறாராம் என்று பேசினார்கள். தாளாளர் மரியாதையாகத்தான் சொன்னார், கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்று. அவளுடைய சொந்த அண்ணன், ஆஸ்பத்திரியே சொல்லுதே என்றான். எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஒருநாள் நெற்றிக் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே அவள் பொன்னுலிங்கத்திடம் கேட்டாள்.

"ஏங்க, ஒருவேளை நானேதான் செய்யுதேனோ? எனக்கே தெரியாம?"

அவன் அன்றைக்கு அவளைத் திட்டிவிட்டான். அப்படி நினைக்க வைத்தவர்களைத் திட்ட முடியாததால் அவளைத் திட்டினான்.

வராந்தாவில் விழுந்த அன்று அவளை ஒரு பெஞ்சில் கிடத்திவிட்டு, பட்டையை எடுத்துக்கொண்டு டாக்டர் பிரமிளாவின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தான். டாக்டர் நல்லவர். நல்லவராக இருப்பதைத் தவிர அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு வேறு வேலை மிச்சமில்லை. அவர் பட்டையை இயந்திரத்தில் வைத்தார். திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதையும் தள்ளிட்டுது," என்றார்.

பொன்னுலிங்கம் வாட்ச்மேனைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைப்பதாகச் சொன்னான். டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் வேறு எதையோ கேட்டார்.

"விழுந்ததும் அவங்க கையில ஏதாவது குடுத்தீங்களா?"

"சாவி குடுத்தேன்."

"எப்பவும் குடுப்பீங்களா?"

"பின்ன? குடுக்காம எப்படி நிக்கும்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். பட்டை வந்த புதிதில் உதவித்தொகைக்கு ஆசைப்பட்டுச் சில தரகர்கள், கம்பியால் உடம்பில் லேசாகக் கரண்ட் விட்டுப் பொய் வலிப்புக் காட்டிச் சான்று வாங்கிக் கொடுத்தார்கள். அதைத் தடுக்க இயந்திரத்துக்கு ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்கள். வலிப்பின்போது உடம்பில் உலோகம் பட்டால் அந்தப் பதிவு மோசடி. தள்ளிவிடு.

"இரும்பு வலிப்ப நிறுத்தாதுங்க. அது தானா நிக்கும். நீங்க சாவி குடுத்தாலும் நிக்கும், குடுக்கலைன்னாலும் நிக்கும். ஆனா குடுத்த ஒவ்வொரு தடவையும் இது அவங்களப் பொய்க்காரின்னு எழுதியிருக்கு."

பொன்னுலிங்கம் பையிலிருந்த சாவியை எடுத்துப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான். மூன்று மாதம். அத்தனை வலிப்பிலும் ஓடி ஓடிப் போய் அவள் கையில் அவன் வைத்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது.

டாக்டர் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருக்கும் யாரிடமாவது சொல்லித் தீர வேண்டியிருந்தது போலிருக்கிறது. இந்தப் பக்கத்தில் சான்று கிடைத்தவர்கள் யார் யார் என்று தான் பார்த்ததாகச் சொன்னார். கேபினில் தனியாகப் படுத்திருந்த லாரி டிரைவர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க வீட்டில் ஒற்றையாக இருந்த ஒரு ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். யாரோடும் ஒட்டாமல் விடுதியில் இருந்த ஒரு பெண்.

"பக்கத்துல ஆளு இருந்த ஒருத்தருக்குக்கூடச் சான்று வரல," என்றார். "யாருமில்லாதவங்களுக்குத்தான் இந்த ஊர்ல நோய் இருக்கு."

மேலே எழுதிக் கேட்டீர்களா என்றான். கேட்டாராம். இயந்திரத்தில் பிழை இல்லை, மக்களிடம் விழிப்புணர்வை உண்டாக்குங்கள் என்று பதில் வந்ததாம். நீங்களே எழுதித் தாருங்களேன் என்றான். தான் எழுதினால் பெட்டி திறக்காது என்றார். இனிமேல் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு அவர் உடனே சொன்னார். ஒருக்களித்துத் திருப்பிப் போட வேண்டும், மூச்சு அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கூடவே இருக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். சொல்லிவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றையும் சொன்னார்.

"தரகருங்க கையப் பிடிச்சுக்கிட்டும் கரண்ட் விட்டிருக்காங்க. அதனால அடுத்த ஆளோட கை பட்டாலும் தள்ளிடும். ஆனா நான் சொல்றேன், நீங்க திருப்பிப் போடுங்க. பதிவு போனா போகட்டும்."

நான்காவது பட்டை கிடைத்தது. வலிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு எழுந்தபோது வந்தது. சத்தம் கேட்டு அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு வேலம்மாவைப் பொன்னுலிங்கம் வாசலிலேயே கையை விரித்து மறித்தான். பாவிப்பயலே, பொண்டாட்டியச் சாகக் கொடுக்கப் போறியா என்று அவள் கத்தினாள். அவன் அசையவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து தூரமாக நின்றான். பார்த்துக்கொண்டு நின்றான். தெய்வக்கனியின் கை தரையில் அடித்து அடித்து, எதையோ தேடுவதுபோல் விரிந்து மூடியது. அவள் குப்புறப் புரண்டாள். தொண்டையில் எச்சில் கொரகொரத்தது. அதற்கு மேல் அவனால் முடியவில்லை. ஓடிப்போய்த் திருப்பிப் போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

பதிவு தள்ளப்பட்டது. அயலார் தொடுகை. ஆறு வருடம் குடும்பம் நடத்தியவன் இயந்திரத்துக்கு அயலார்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. துவைத்த துணியை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"நீங்க பக்கத்துல இருக்கிற வரைக்கும் எனக்கு நோய் இல்லங்க."

அடுத்த பட்டைதான் கடைசி. அதற்கு மேல் ஒருவருக்குத் தரமாட்டார்கள். கடைசியும் போனால் ஆயுசுக்கும் மாத்திரை கிடையாது, ஆயுசுக்கும் நடிப்புக்காரி. வலிப்போ நாளுக்கு நாள் நெருக்கி வந்துகொண்டிருந்தது. அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு மாடி அறை. வெறும் தரை, ஒரு பாய், ஒரு தலையணை. இரும்புக் கட்டில்கூட வேண்டாம் என்று எடுக்கச் சொல்லிவிட்டாள். கதவைத் தாழ் போட மாட்டாள். பதிவு ஏற்கப்பட்டால் அவன் போனுக்குச் செய்தி வரும். வந்தபிறகு ஏறி வரட்டும்.

அவன் சம்மதிக்கவில்லை. டாக்டரிடம் கேட்போம் என்றான். கேட்டால் வேண்டாம் என்றுதானே சொல்வார் என்றாள். அப்படியானால் ஒரு கேமராவாவது வைக்கிறேன் என்றான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"கேமரா வச்சா நீங்க ஓடி வந்துருவீங்க. உங்களுக்கு நின்னு பாக்கத் தெரியாது."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா கனி?"

"இப்ப மட்டும் ஆகாம இருக்கா? விழுந்துக்கிட்டேதான இருக்கேன். பள்ளிக்கூடம் போச்சு, எங்க அண்ணன் பேச்சு போச்சு. எனக்கு என்மேலயே நம்பிக்கை போச்சு. ஒரே ஒருவாட்டி அது 'ஆமா'ன்னு சொல்லட்டும். அதுக்குப் பெறவு நீங்க என் கைய விடவே வேண்டாம்."

அவன் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டதை நினைத்து அவன் இன்றைக்கும் தன்னை மன்னித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவன் இடத்தில் இருந்து பார்த்தால் வேறு வழி எது என்று எனக்கும் தெரியவில்லை.

அறைக்கு நேர் எதிரே ஒரு டீக்கடை. பொன்னுலிங்கம் தன் பம்ப்செட் ரிப்பேர் கடையைச் சாத்திவிட்டு அங்கேயே குடியிருந்தான். காலையில் கடை திறக்கும்போது வந்தால் மூடும்போதுதான் எழுவான். டீ மாஸ்டர் ஆரம்பத்தில் சந்தேகமாகப் பார்த்தார், பிறகு பழகிவிட்டார். தெய்வக்கனி அவ்வப்போது ஜன்னலுக்கு வந்து நின்று கையைக் காட்டுவாள். இவனும் காட்டுவான். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்று எங்கேயோ கேட்டு, அவள் ராத்தூக்கத்தைக் குறைத்துக்கொண்டாள். ஜன்னலில் தெரியும் முகம் நாளுக்கு நாள் வற்றியது. தன் பொண்டாட்டிக்கு இன்றைக்காவது வலிப்பு வரட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்ட புருஷன் இந்த உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். வேண்டிக்கொள்ளும்போதே வாயில் அடித்துக்கொள்வான்.

வேண்டுதல் பலித்தது. ஒரு காலைநேரம், டீயில் பாதி குடித்திருந்தபோது போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். சுத்தமான பதிவு ஏற்கப்பட்டது. வலிப்பு நோய் உறுதி. வாழ்நாள் சான்று வழங்கப்படுகிறது.

அவன் அதை மூன்று நான்கு முறை படித்தான். பிறகு டீ மாஸ்டரிடம் போனைக் காட்டினான். எம் பொண்டாட்டிக்கு வலிப்பு நோய் அண்ணாச்சி, உறுதி பண்ணிட்டாங்க என்றான். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தான். மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல சேதி என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, அந்தப் பிள்ளைக்கும் ஒண்ணு கொண்டு போங்க என்று சர்க்கரை தூக்கலாக ஒரு டீ போட்டுக் கொடுத்தார். பொன்னுலிங்கம் டம்ளர் தளும்பத் தளும்ப மாடிப்படி ஏறினான். ஏறும்போதே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

கதவு சொன்னபடி தாழ் போடாமல்தான் இருந்தது. தெய்வக்கனி பாயில் குப்புறக் கிடந்தாள். முகம் தலையணைக்குள் புதைந்திருந்தது. நெற்றிப் பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. அவன் அவளைத் திருப்பிப் போட்டான். ஒருக்களித்து, டாக்டர் சொன்ன மாதிரியே, சரியாகப் போட்டான். உதடு நீலமாக இருந்தது. திருப்பிப் போட வேண்டிய நேரத்தில், போடத் தெரிந்த ஆள், எதிர்வாடையில் டீ ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் முடிந்த பிறகு அவன் டாக்டர் பிரமிளாவைப் பார்க்கப் போனான். சண்டை போடத்தான் போனான். அவர் அவனைக் கண்டதும் எழுந்து நின்று அழுதார். சண்டை போட முடியவில்லை. ஒன்று மட்டும் கேட்டான். அவள் உயிர் போனது அந்த இயந்திரத்துக்குத் தெரியவில்லையா? நெற்றியிலேதானே இருந்தது?

டாக்டர் பதிவை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். வலிப்புக்குப் பின் சமிக்ஞை எதுவும் வரவில்லை. இயந்திரம் அதை, பட்டை கழற்றப்பட்டது என்று குறித்துக்கொண்டிருக்கிறது.

சாவைப் பதிவது நகராட்சி. சான்று கொடுப்பது வேறு இலாகா. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. மாதம் பிறந்ததும் தெய்வக்கனியின் மாத்திரை தயார் என்று அவன் போனுக்குச் செய்தி வந்தது. வேண்டாம், ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு வரத்தான் மருந்துப் பெட்டிக்குப் போனான். போனில் வந்த செய்தியைக் காட்டியதும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், இனிமையான குரல், தெய்வக்கனிக்கு இந்த மாதம் வலிப்பு வந்ததா என்று கேட்டது.

அவன் போனில் இருந்த செய்தியை மறுபடி பார்த்தான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அப்போது அவனுக்கு எட்டயபுரத்துப் பக்கம் இருக்கும் சண்முகவடிவு நினைவுக்கு வந்தாள். டாக்டர் அறை வாசலில் பார்த்த பெண். இரண்டு சின்னப் பிள்ளைகள். கடைசிப் பட்டையும் தள்ளப்பட்டுப் போனவள். அவள் புருஷனும் ஒவ்வொரு தடவையும் ஓடி ஓடி இரும்பு கொடுத்தவன்தான்.

வரவில்லை என்றான் பொன்னுலிங்கம். பெட்டி திறந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் அவன் மாத்திரையை வாங்கிக்கொண்டு போய் சண்முகவடிவு வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறான். தெய்வக்கனியும் அவளும் ஒரே மாத்திரை என்று டாக்டர்தான் பார்த்துச் சொன்னார். சொன்னது தெரிந்தால் வேலை போய்விடும். சண்முகவடிவுக்கு இப்போது வலிப்பு வருவதில்லை. அவன் அந்த வீட்டுக்குள் போவதில்லை, வாசலோடு திரும்பிவிடுவான். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நிற்பதைப் பார்த்தால் அவனுக்குத் தாங்காது.

போன மாதம் பெட்டியின் குரல் வேறு மாதிரி பேசியது. தெய்வக்கனிக்கு நெடுநாளாக வலிப்பு வரவில்லை, மிக்க மகிழ்ச்சி, நோய் குணமாகியிருக்கலாம் என்று கருதி அடுத்த மாதம் முதல் மருந்தை நிறுத்தப் பரிந்துரைக்கப்படுகிறது என்றது. பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டது. இந்த மாதம் வலிப்பு வந்ததா?

பொன்னுலிங்கம் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

"வந்துது," என்றான்.

குரல் அதைப் பதிந்துகொண்டது. பிறகு வருத்தம் தெரிவித்தது. மருந்து தொடரும் என்றது. பதிவுக்காக இன்னும் ஒரே ஒரு கேள்வி இருப்பதாகச் சொன்னது. வலிப்பு வந்தபோது தெய்வக்கனியின் பக்கத்தில் யாராவது இருந்தார்களா?

"இல்ல," என்றான். "யாருமே இல்ல."